பூ ஒட்டிய முகம்

குழந்தைகளைப் படம் எடுக்கும்போது 'சிரி' என்று சொல்லக்கூடாது, ஐயா. சொன்னால் பல்லைக் காட்டுவார்கள், சிரிக்க மாட்டார்கள்.

பள்ளியில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார். பள்ளியின் இணையப் பக்கத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். என்ன விழா நடந்தாலும் சாயங்காலத்துக்குள் படம் ஏறிவிட வேண்டும். வருகிற கேள்விகளுக்கு அன்றே பதில் போட வேண்டும். தாளாளர் அதில் கறார். எல்லோரும் என்னைக் 'கேமரா சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெறும் வாத்தியாராக இருந்தவரை என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை.

மூன்றாம் வகுப்பில் பாதி வருஷத்தில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவள் அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை. முதல் நாளே அந்த அம்மா கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என் பொண்ணு படத்த மட்டும் எங்கயும் போட்றாதீங்க சார். அவங்க அப்பா கண்ணுல பட்டா எங்கள உயிரோட விடமாட்டாரு. கிட்டவே வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு."

"போட மாட்டேம்மா" என்றேன். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் படத்தை வெளியிடுவது தப்பு என்று எனக்குத் தெரியாதா? மற்ற ஆசிரியர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுத்தவனே நான்தான்.

ஆனால் அந்தப் பிள்ளை எல்லாவற்றிலும் இருந்தாள். ஓட்டத்தில் முதல், நடனத்தில் முன்வரிசை. அவளை வெட்டினால் படமே மூளியாகிவிடும். அதனால் அவள் முகத்தின் மேல் மட்டும் ஒரு மஞ்சள் பூவை ஒட்டி ஏற்றினேன். பிள்ளைகள் அவளைப் 'பூமூஞ்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பரிசளிப்பு விழாவில் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் சிரித்த படம் ஒன்று உண்டு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதன் மேல் பூவை ஒட்டியபோது, பெற்ற பிள்ளையின் முகத்தில் நானே கரி பூசியதுபோல இருந்தது.

அன்றே இணையப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது.

"படம் பிரமாதம் சார். பூ ஒட்டின பொண்ணோட முகத்தையும் பாத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மற்றவர்கள் எல்லாம் பஸ் வருமா, அட்மிஷன் கிடைக்குமா என்று கேட்பவர்கள். படத்தைப் பற்றிப் பேசிய முதல் ஆள் இவர்தான். யார் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"அவ அப்பா சார். ஒரு கால் மேல இன்னொரு கால வச்சு நிக்கிறா பாருங்க, சின்னதுலேர்ந்தே அப்படித்தான். எத்தனையோ ஸ்கூல் பக்கத்தப் பாத்துட்டேன். மொகத்த மறைச்சிருக்கிற பிள்ளைங்களத்தான் தேடுவேன்."

நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. வெளியிடக்கூடாது என்பதுதான் விதி. ஒருவருக்கு அனுப்புவது வெளியிடுவதாகாது. அப்பாவும் பெற்றோர்தானே? பூ இல்லாத படத்தை அனுப்பினேன். பார்த்து அழுதுவிட்டதாக எழுதினார். எனக்கும் கண் கலங்கியது.

எந்த வாசல் வழியாக வெளியே வருவாள் என்று அடுத்துக் கேட்டார். கேள்விக்கு அன்றே பதில் போடுவது எங்கள் வழக்கம். பின்வாசல் என்று போட்டேன். கடை வேலை முடிந்து அவள் அம்மா வரக் கொஞ்சம் தாமதமாகும் என்றும் சேர்த்துப் போட்டேன். அதை அவர் கேட்கவில்லை. தெருவில் இருவரும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

மறுநாள் அவளைக் கொண்டுபோய்விட்டார். எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அம்மா மறுபடி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய ஆள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாதே.

"போலீஸ்ல மொகம் தெரியிற படம் கேக்குறாங்க சார். பயத்துல நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கல. உங்ககிட்ட பூ ஒட்டாத படம் இருக்கா சார்?"

சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் ஏறி உட்காரவில்லை. அந்தப் படத்தை இணையப் பக்கத்தில் ஏற்றலாமா என்று முறைப்படி சம்மதம் கேட்டேன்.

"போடுங்க சார். எல்லா எடத்துலயும் போடுங்க."

படத்தை அனுப்பியது நான். வாசலைச் சொன்னது நான். அந்த நேரத்தில் அம்மா இருக்க மாட்டாள் என்று சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். இப்போது ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பகிர்கிறார்கள், ஐயா. உங்கள் மேஜை மேலும் அதுதான் இருக்கிறது. பூ இல்லாமல் பார்த்தால் எவ்வளவு நல்ல படம் என்று நீங்களே சொல்லுங்கள்.