முப்பத்திரண்டு, நாற்பது

கமெண்ட் எழுதுகிறவன் தன் நிரலைத் தானே நம்பாதவன். என் நிரலுக்கு இதுவரை அப்படி ஒரு வரி விளக்கமும் தேவைப்பட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை ஐயா. சிலருக்குச் சுருட்டை முடி, எனக்கு இது.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு வெப்பப் படுக்கை செய்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடப்பவர்களுக்குக் குளிரக் கூடாது. அந்தச் சூட்டை இயக்கும் டிரைவர் நிரல் என்னுடையது. நர்ஸ் கைதவறி எதை அழுத்தினாலும், முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறைந்தால் ஏற்காது. நாற்பதைத் தாண்டினாலும் ஏற்காது. அந்தச் சோதனையை ஒரே மூச்சில், குறிகளும் அடைப்புகளுமாக எழுதியிருந்தேன்.

டீம் லீடர் அதைப் பெரிய திரையில் போட்டார்.

“தம்பி, இது புரோகிராமா, கொசு அடிச்ச சுவரா?”

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். அவருக்கு நிரல் தெரியாது, கொசு தெரியும். அன்றிலிருந்து என் பெயர் கொசு. என் பிறந்தநாள் கேக்கில் கொசுவத்தி செருகினார்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் பணிவாகப் போய் நின்றேன். “அண்ணே, வரம்பு பாக்கறதுக்குன்னே ரெடிமேடா எழுதி வச்ச ஒரு ஃபங்ஷன் இருக்கே. நீங்களே மாத்திடுங்க. உங்க கை பட்டா பளிச்னு இருக்கும்.”

“இப்பதான்டா வழிக்கு வந்திருக்கே.”

மாற்றினார். அந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தது மூன்றே விஷயம்: வெப்பநிலை, முப்பத்திரண்டு, நாற்பது. குழந்தையும் படிக்கும். ஆனால் அந்த ஃபங்ஷனில் கடைசி எண் மேல் எல்லை அல்ல, தொடக்கத்திலிருந்து எத்தனை எண்கள் என்ற கணக்கு. முப்பத்திரண்டு முதல் நாற்பது வரை ஒன்பதே எண்கள்; அந்த ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது. படுக்கை இனி எழுபத்தொன்று வரை ஏற்கும்.

சரிபார்ப்பது என் பொறுப்பு. “அருமை அண்ணே” என்று ஒப்புதல் கொடுத்தேன்.

சோதனைக்கூடத்தில் மாட்டுவார் என்று நினைத்தேன். மாட்டவில்லை; அங்கே யாரும் நாற்பதைத் தாண்டித் தட்டிப் பார்க்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே சிரிக்க நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

ஒரு மருத்துவமனையில் நர்ஸ் ஒருவர் அவசரத்தில் முப்பத்தாறை அறுபத்துமூன்று என்று தட்டினார். படுக்கையில் இருந்த ஓர் அம்மாவுக்கு மயக்கம் தெளியவில்லை. சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகும் முடியவில்லை.

நேற்று லீடரை நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனபோது, “பாத்தா சரியாத்தானேடா இருந்துச்சு, கொசு?” என்றார். நீங்களும் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை யாருக்குமே புரியவில்லை.

அதனால் இங்கே வருமுன் அந்த வரிக்கு மேலே ஒரு கமெண்ட் எழுதினேன்: ‘கடைசி எண் எல்லை அல்ல. தெரிந்தே விடப்பட்டது.’

எண்ணை மாற்றவில்லை. மற்ற படுக்கைகளிலும் அதே நிரல்தான் ஓடுகிறது என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் அது அவர் எழுதிய வரி ஐயா. அடுத்தவர் வேலையில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.