வெர்னரின் பக்கத்து நாற்காலி

ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் வராது. ஐந்து நிமிடம் ஆனதும் கைப்பேசியை எடுப்பார்கள், இல்லையென்றால் ஜன்னல் திரையைச் சரிசெய்யக் கிளம்புவார்கள். எனக்கு அது இயல்பாகவே வரும். டுலூத் நகரத்தில் என் அறைக்கு யாரும் வருவதில்லை, போனும் அடிப்பதில்லை. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் குழுவினர் நீங்கள் மூவரும் என்னை அழைத்து, நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொல்கிறீர்கள். கேட்டதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

என் பழைய மதிப்பெண்கள் உங்களுக்குத் தெரியும். பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடங்கள் விடுதி அறையில் தூங்கியே கழிந்தன. நோய் இல்லை, காதல் தோல்வி இல்லை. எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கரிம வேதியியலில் தோற்றேன், இயற்பியலில் தப்பிப் பிழைத்தேன். பிறகு விழித்துக்கொண்டு, மாலை வகுப்புகளில் சேர்ந்து எல்லாவற்றிலும் முதல் தரம் வாங்கினேன். ஆனால் சராசரி என்பது உப்பு கூடிப்போன சூப் மாதிரி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கரிப்பு போகாது. இரண்டு வருடம் விண்ணப்பித்தேன். ஒரு கல்லூரிகூட நேர்முகத்துக்கு அழைக்கவில்லை.

ஆலோசகர் ட்ரூடி வானெக் விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மார்க்க இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா, கொரீன். அது முடிஞ்ச கதை. ஆனா இந்தக் கட்டுரையில உன்னைத் தவிர ஒரு ஆளே இல்லையே. நான், நான், நான்னு ஒரே நானா இருக்கு. நோயாளி எங்க?"

அவர் சொன்னது நியாயம். அந்த வாரமே, பிழைக்க வழியில்லாதவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் தொண்டராகச் சேர்ந்தேன். அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. உறவென்று யாரும் இல்லாதவர்கள் தனியாகச் சாகக்கூடாது என்று, கடைசி நாட்களில் தொண்டர்கள் முறைபோட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்வார்கள். உறவினர் ஒருவர் வந்துவிட்டால் தொண்டர் எழுந்துகொள்ள வேண்டும். விதி அது, நல்ல விதிதான்.

ஆனால் அந்த விதி எனக்கு என்ன செய்தது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு கிழவிக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். நகம் வெட்டிவிட்டேன், உதட்டை ஈரப்படுத்தினேன். கடைசி நாள் காலையில், அதுவரை எட்டிப் பார்க்காத மருமகன் ஒருவன் ஃபார்கோவிலிருந்து பூட்ஸில் பனியோடு வந்து நின்றான். தலைமைச் செவிலி மார்லிஸ் என் தோளைத் தட்டினார்.

"சொந்தக்காரர் வந்துட்டாரு, கொரீன். நீ போய் டவல் மடி, போ."

டவல் மடித்துக்கொண்டிருக்கும்போது கிழவி போய்விட்டாள். அடுத்து ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்கும் கடைசி நேரத்தில் ஒரு தம்பி முளைத்தான். இரண்டு முறையும் நான் துணியறையில்தான் இருந்தேன். என் கட்டுரைக்கு முடிவு என்று எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு வெர்னர் கங்காஸ் வந்தார். ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். உறவினர் யாருமில்லை என்றுதான் சேரும்போது சொல்லியிருந்தார்.

"முப்பது வருஷம் கப்பல்ல சமைச்சேன், ஒருத்தனும் சாகல. இங்க இவங்க கஞ்சிய ரெண்டு வாய் சாப்பிட்டேன், என் கதியப் பாரு" என்பார். சீட்டாட்டத்தில் கூச்சமில்லாமல் ஏமாற்றுவார். நான் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன் என்று கேட்டதும், "நீ டாக்டர் ஆகறவரைக்கும் நான் தாங்க மாட்டேன். அதனால இப்பவே கூப்பிட்டுக்கறேன்" என்றார். அன்றுமுதல் எனக்கு டாக்டர் என்றுதான் பெயர். அதற்கு முன் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. நான் அவர்மேல் பிரியமாக இருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு மதியம், சீட்டைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். பெயர் ஐலி. அவளுடைய அம்மா இறந்தபோது அவர் கப்பலில் இருந்தார். திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. அதன்பிறகு மகள் பேசவில்லை.

"அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேக்கணும், டாக்டர். வேற ஒண்ணும் வேணாம். எங்க இருக்கான்னு தெரியல. நீ படிச்ச புள்ள, கண்டுபிடிப்ப. இந்த நர்ஸம்மாகிட்ட சொல்லாத. அவ வரலேன்னா எனக்குத்தான் அவமானம்."

நான் கண்டுபிடித்தேன். தூரத்து டூசான் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். என் கைப்பேசியிலிருந்தே அழைத்தேன். அதில் திட்டம் எதுவும் இருக்கவில்லை.

"அப்பா என்னைக் கேட்டாரா? நெஜமாவா?" என்றாள். "நாளைக்கே லீவு சொல்லிட்டுக் கிளம்பட்டுமா?"

கிளம்புங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துணியறையும் வெள்ளை டவல்களும் நினைவுக்கு வந்தன.

"அவசரமில்லைங்க. நல்லாத்தான் சாப்பிடறார். ஏப்ரல்ல, ஈஸ்டருக்கு வாங்க, பனியும் குறைஞ்சிருக்கும்" என்றேன்.

பிப்ரவரி தாண்டமாட்டார் என்று அன்று காலைதான் மருத்துவர் சொல்லியிருந்தார்.

போனை வைத்துவிட்டு அவர் அறைக்குத் திரும்பியபோது வெர்னர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிடைச்சாளா?"

"பேசினேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். என் மகதானே, அழுத்தக்காரி" என்று சிரித்தார். சீட்டைக் கலைத்துப் போட்டார். அன்று ஏமாற்றாமல் ஆடினார்.

அதன்பிறகு தினமும் கேட்பார். தினமும் இன்னும் தகவல் இல்லை என்பேன். ஐலியும் என்னை அழைத்துக்கொண்டிருந்தாள். அவர் பான்கேக் சாப்பிட்டதாகவும் செவிலிகளைக் கிண்டல் செய்வதாகவும் சொல்வேன். அவர் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தார், அதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. ஒருநாள் அவள் தன் குரலைப் பதிவுசெய்து அனுப்பினாள். 'அப்பா, நான்தான். கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சுப்பா. நான் வர்றவரைக்கும் இருங்க.' நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

அதை அவருக்குப் போட்டுக் காட்டினால் அழுவார், மார்லிஸ் விசாரிப்பார், மகள் இருப்பது தெரிந்துவிடும், என் நாற்காலி போய்விடும். ஆகவே போடவில்லை. ஆனால் வீணாக்கவும் இல்லை. அறைக்குத் திரும்பியதும் நானே போட்டுக் கேட்பேன். முட்டை பொரிக்கும்போது, துணி மடிக்கும்போது. நான் வர்றவரைக்கும் இருங்க என்று என் அறையில் ஒருவர் சொல்வது நன்றாக இருந்தது. தனிமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் நல்ல மருத்துவராக வருவேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

அவர் ஒரு முற்பகலில் இறந்தார். வெயில் நன்றாக அடித்தது, ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை.

"ஐலியா?" என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"வந்துட்டேன்ப்பா" என்றேன்.

"உங்கம்மா விஷயத்துல… நான் திரும்பி வந்திருக்கணும்மா. மன்னிச்சுடு."

"மன்னிச்சுட்டேன்ப்பா."

அவர் என் கையைப் பிடித்திருந்தார். பிடி தளர்ந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. அன்று யாரும் என் தோளைத் தட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுமையாக இருந்த இடம் அதுதான்.

கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினேன். 'எந்த உறவும் இல்லாத ஒருவருக்குக் கடைசியில் நான் மகளாக இருந்தேன்' என்ற வரியை நேர்முகத்தில் நீங்கள் உரக்கப் படித்தீர்கள், நடுவில் இருப்பவரே. உங்கள் கண் கலங்கியது. பழைய மதிப்பெண்களைப் பற்றி அன்று யாரும் கேட்கவே இல்லை, எனக்கு இடம் கிடைத்தது.

அவர் இறந்த அன்றே, திடீரென்று போய்விட்டார் என்று ஐலியிடம் சொன்னேன். அவருடைய பொருட்களை எடுத்துப்போக வந்தாள். அவளை நான் வாசலிலேயே பார்த்துப் பையைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தேர்வு இருந்தது, தாமதமாகிவிட்டது. நான் உள்ளே நுழையும்போது மார்லிஸ் பேசிக்கொண்டிருந்தார்.

"திடீர்னா? மூணு வாரமா அணைஞ்சு அணைஞ்சுதான்மா போனாரு. அவருக்கு யாருமே இல்லேன்னுல்ல நாங்க நெனச்சோம். நீங்க யாரு?"

வாகன நிறுத்தத்தில் ஐலி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அப்பாவின் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த மெசேஜையாவது கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார். சிரிச்சார்" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் இரக்கத்தால் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் இப்போது திருத்திவிடுகிறேன். அவர் கேட்கவில்லை. அவள் வருவதாக இருந்தது அவருக்குத் தெரியாது. மகள் வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கடைசி மூன்று வாரமும் படுத்திருந்தார். அப்படி நினைக்க வைத்தது நான்.

மார்லிஸ் உங்களுக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகு என் இடத்தை நீங்கள் ரத்து செய்வீர்கள் என்பது புரிகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஜூன் மாதம் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் திறக்கும். நீங்கள் செய்த ஒரு தவற்றையும் அதிலிருந்து கற்றதையும் எழுதுங்கள் என்று அதில் ஒரு கேள்வி வரும். இத்தனை வருடமும் அதற்கு என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை, இப்போது இருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றிவிடுவேன். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது டாக்டர்களாகிய நம் கடமை.