ஜோடி மெமரி

"ஒத்தையா இருந்தா அதுக்கு உயிரே வராதாம்க்கா" என்று பின்பெஞ்சில் ஒரு பெண் சொன்னபோதுதான் காது கொடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குப் போகும் பெர்ரி. இரண்டு பெண்கள். ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எதுடி?" என்றாள் மூத்தவள்.

"மெமரிக்கா, கம்ப்யூட்டர் போர்டுல சொருகுற சின்ன அட்டை. தம்பி கேம் விளையாடட்டும்னு சாமானெல்லாம் வாங்கி நானே கம்ப்யூட்டர் பூட்டினேன்ல. சுவிட்சைத் தட்டினா ஸ்கிரீன் கறுப்பு. போர்டை எரிச்சிட்டேன்னு நெனச்சேன். ரெண்டு நாளா சோறு எறங்கல."

"கடைக்குப் போனியா?"

"துண்டுல சுத்தி நிபோங் திபால்லேர்ந்து பஸ்ல தூக்கிட்டுப் போனேன். கடைக்கார தவுக்கே பாத்துட்டு சிரிச்சாரு. இந்தப் போர்டுல மெமரி ஜோடியாத்தான் போடணும், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னாரு. இன்னொண்ணு மாட்டினதும் ஸ்கிரீன்ல எழுத்து வந்துருச்சு. கடைன்னும் பாக்காம தரையிலயே உக்காந்துட்டேன்க்கா."

"நல்லதா போச்சுலா. தம்பி என்ன சொல்றான்?"

"மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்து கால் ஒடைஞ்ச நாள்லேர்ந்து வாயே தொறக்கலல்ல? நேத்து கார் ரேஸ் போட்டு ஒரே கத்தல். சத்தம் தாங்கல, கதவைச் சாத்துடின்னு அம்மா சொன்னாங்க. சாத்தலாம்னு எந்திரிச்சேன். அம்மாவே கையைப் புடிச்சு உக்கார வச்சிட்டாங்க."