அடியில் கொஞ்சம் தேநீர்

தலைமை ஏற்றிருக்கும் நாரின் நகர எழுத்தாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பதிப்பாளர் இஷென்பாய் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் கெனெஷ் அண்ணன் அவர்களே, கணவாயில் பனி கொட்டியும் வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களே!

கெனெஷ் அண்ணனின் மனைவி, நம் நாவலாசிரியர் உல்கான் அக்கா போய்விட்டார். மனசு ஆறவில்லை. ஆனாலும் அழுது முடித்துவிட்டுப் போக நான் இங்கே வரவில்லை.

காதல் கதை எழுத நம்மிடையே ஆளா இல்லை? நிலவைக் கூப்பிடாத காதலன் நம் கதைகளில் உண்டா? உல்கான் அக்கா நிலவைக் கூப்பிடவில்லை! ஆட்டுக்கொட்டிலை யார் சாத்தாமல் விட்டது என்று புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கு நிற்பதை எழுதினார். அந்தச் சண்டைக்கு நடுவிலேயே, அவனுடைய நனைந்த காலணியை அவள் அடுப்போரம் நகர்த்துவதையும் எழுதினார். படித்தவர்கள் தங்கள் வீட்டுக் கதை என்றார்கள்.

இன்னும் அச்சேறாத அவருடைய கடைசி நாவலின் கடைசிப் பக்கம் உங்களில் பலருக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போன கணவன், கோடை முழுதும் கழித்துத் திரும்புகிறான். மனைவி அவன் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம் தேநீர் ஊற்றுகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கதை முடிகிறது.

இஷென்பாய் அவர்களுக்கு இது போதவில்லை. பட்டணத்தில் வளர்ந்தவர், பாவம்! கிண்ணம் ததும்ப ஊற்றட்டும், 'உயிருக்கு உயிராக நேசிக்கிறேன்' என்று அவள் சொல்லட்டும், இல்லாவிட்டால் அச்சிட முடியாது என்றார். மருத்துவமனைக் கட்டிலில் இதைக் கேட்டு அக்கா சிரித்தார். என்னிடம் சொன்னார்: "ஏம்ப்பா எர்மெக், கிண்ணம் நிறைய ஊத்தினா குடிச்சிட்டுக் கிளம்புன்னுதானே அர்த்தம்? காத்துக் கெடந்தவ, வந்தவனைத் துரத்துவாளா? கொஞ்சமா ஊத்தினாத்தான் கிண்ணம் திரும்பத் திரும்ப அவ கைக்கு வரும். அவளை வேற ஒண்ணும் பேச வைக்காதே."

அக்காவை அடக்கம் செய்த மறுநாளே, கைப்பிரதியை வைத்திருக்கும் என்னிடம் முடிவை மாற்றி எழுதச் சொன்னார் பதிப்பாளர்.

ஐயா, இன்று காலை கெனெஷ் அண்ணன் வீட்டில் இருந்தேன். அந்த வீட்டில் எந்நாளும் தேநீர் ஊற்றியது அக்காதான். இன்று அண்ணன் ஊற்றினார். எனக்கு ஊற்றிவிட்டு, அக்காவின் கிண்ணத்தையும் எடுத்து வைத்தார். அதில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றினார்.

இந்த முடிவையா மாற்றச் சொல்கிறீர்கள்? மாட்டேன்! நீங்கள் அச்சிடாவிட்டால் நாங்கள் அச்சிடுவோம். அக்கா எழுதியது எழுதியபடியே வரும், அந்தக் கிண்ணத்தில் ஒரு சொட்டுகூட அதிகமாகாது.