இருவருக்கும் ஒரே அளவு

கடையில் வாங்கும் சட்டை என் உடம்புக்குப் பொருந்தியதே இல்லை சார். தைத்துத்தான் போடுவேன். தைப்பவன் என் அண்ணன். இரட்டைப் பிள்ளைகள் நாங்கள். பத்து நிமிஷம் முந்திக்கொண்டதால் அவன் அண்ணன். எனக்கென்று அவன் அளவு எடுத்ததில்லை. டேப்பைத் தன் மேலேயே சுற்றிப் பார்த்து எனக்கும் சேர்த்து வெட்டிவிடுவான். கச்சிதமாக இருக்கும்.

நான் ஜிம்முக்குப் போன பிறகுதான் அது மாறியது. அதுவும் உடனே இல்லை. மூன்று வருஷம் எடை தூக்கியும் கை குச்சியாகவே இருந்தது. வெறுத்துப்போய், சதை வளர்க்கும் ஊசியைத் தருவித்து எனக்கு நானே போட்டுக்கொண்டேன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஊசி எனக்குப் புதிதல்ல. வாராவாரம் என் இரத்தத்தையும் நானே சோதித்து நோட்டில் குறித்தேன்.

"என்னடா, கை மட்டும் ஒன்றரை இஞ்ச் கூடியிருக்கு? துணிக்கு நான் எங்க போறது?" என்றான் அண்ணன். அந்தக் கேலிக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆறாவது வாரம் கல்லீரல் எண்கள் எகிறின. நிறுத்த மனம் வரவில்லை, தொடரவும் பயம். உடம்பு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தால் போதும் என்று பட்டது. அண்ணனுக்கு மெஷினில் குனிந்து குனிந்து முதுகுவலி. சத்து ஊசி என்று சொன்னேன்.

"நீ போட்டா வலிக்காதுடா" என்று கையை நீட்டினான். எனக்குப் போட்டதைப் போல இரண்டு மடங்கு போட்டேன். வாராவாரம் போட்டேன்.

அடுத்த மாதம் அவன் கண் மஞ்சளானது. அண்ணி அவனை எங்கள் கூடத்துக்கே அழைத்து வந்தார்.

"தம்பி, சாப்பாடே இறங்கலைங்கிறார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். வந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊசி தொடங்குவதற்கு முன் எடுத்த என்னுடைய பழைய எண்களை அவன் பெயரில் அச்சடித்துக் கொடுத்தேன். டாக்டரிடம் போயிருந்தால் ஊசியை நிறுத்தச் சொல்லியிருப்பார். எனக்கு இன்னும் சில வாரங்கள் தேவைப்பட்டன.

"எல்லாம் நார்மல்தான் அண்ணி. வேலை அலைச்சல்."

"பாத்தியா, நாந்தான் சொன்னேனே" என்று அண்ணன் அவரைச் சமாதானப்படுத்தினான்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் அண்ணன் இறந்துபோனான். அன்றைக்கே என் ஊசியை நிறுத்திவிட்டேன். இப்போது என் எண்கள் இறங்கி வருகின்றன.

அலுப்பாக இருக்கிறது சார். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அவனை நினைத்து அழாத நாளில்லை. பாதி தைத்த என் சட்டை இன்னும் அவன் மெஷினில்தான் கிடக்கிறது. என் நோட்டைப் பார்த்ததிலிருந்து அண்ணி என்னைக் கொலைகாரன் என்கிறார். அவர் வேதனை, சொல்லட்டும். ஆனால் அவன் தன்னை அளந்து எனக்குத் தைத்தபோது யாரும் தப்பு சொல்லவில்லையே.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் உடம்பில் நான் எதையும் சோதித்துப் பார்த்ததில்லை. எல்லாம் என் மேல்தான்.