வள்ளியம்மாள் கொடுத்த மனு

வள்ளியம்மாள்: ...இந்தக் கை இல்லடா, ரத்தினம். மறைக்கிற பாரு, அந்தக் கைய காட்டு.

முனிரத்தினம்: ஒண்ணுமில்லக்கா. ஆறிப்போச்சி.

வள்ளியம்மாள்: போன மாசம் மூணு காயம். இப்ப அஞ்சு. அடிச்சவன் உன் பின்னாலயே நிக்கிறான், அதான் பயப்படறே.

அப்துல் ஹமீத்: சத்தம் போடாதம்மா. ஜெயில்ல கைதியப் பாக்கக் குடுத்ததே கால்மணி நேரம்.

வள்ளியம்மாள்: வார்டருன்னா சும்மா வுட்ருவேனா? ஜெயில் தொரைகிட்ட மனு குடுத்தாச்சி. நீ அடிக்கிறேன்னு எழுதியிருக்குது. இன்னிக்கு விசாரணை. உன் வேல போவும்.

அப்துல் ஹமீத்: தெரியும்மா.

முனிரத்தினம்: யக்கா... மனுவ திரும்ப வாங்கிடு.

வள்ளியம்மாள்: ஏன், மெரட்னானா?

முனிரத்தினம்: பாய் என்னை ஒரு அடி அடிச்சதில்ல. நானேதான்...

வள்ளியம்மாள்: வாய மூடு!

முனிரத்தினம்: நானேதான்க்கா கிழிச்சிக்கிறேன். மண்டைக்குள்ள ஒரே இரைச்சல். ஆம்பூர் தோல் மண்டில மேஸ்திரிய வெட்டினேனே, அன்னிக்கும் இதே இரைச்சல்தான். இங்க என் மேல காட்றத வுட்டா வேற யாரு இருக்கா?

வள்ளியம்மாள்: அப்ப அடங்கிடுதா?

முனிரத்தினம்: எங்க... செத்த நேரம். அப்புறம் அது ஜாஸ்தியா வருது. கூட வெக்கமும் வருது. பாய் பக்கத்துல குந்திக்கினு எதுனா பேசினா, அன்னிக்கு கை சும்மா கெடக்கும். அவரு லீவுல போன நாளுதான் பேஜாரு.

வள்ளியம்மாள்: யோவ்... தெரிஞ்சிக்கினே ஏன்யா சொல்லல? பழிய நீ ஏன் சுமக்கறே?

அப்துல் ஹமீத்: சொன்னா கால்ல விலங்கு மாட்டி, தனிக் கொட்டடில போட்ருவாங்கம்மா. உன் தம்பிக்கு ஆவாததே அந்தத் தனிமைதான். எனக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்...

முனிரத்தினம்: நீங்க போய்ட்டா என்கிட்ட யாரு பாய் பேசுவாங்க?

அப்துல் ஹமீத்: மணி ஆச்சிம்மா. தொரை ரூமுக்குக் கூப்பிடறாங்க. இன்னா சொல்லப் போறே?

வள்ளியம்மாள்: பொய் மனுன்னு சொல்லப் போறேன். என்னை இன்னா வேணா பண்ணட்டும். எங்கம்மா செத்தப்போ இவனுக்குப் பத்து வயசு. அப்பவும் இப்பிடித்தான் கையக் கிழிச்சிக்கினான். முள்ளு கீச்சிடுச்சின்னு சொல்லி நான்தான் ஊர் வாய அடைச்சேன். மொத காயத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்யா. என் தம்பி இப்பிடின்னு சொல்ல நாக்கு எழும்பல... உங்க பேருதான் வாய்ல வந்துச்சி.