செல்வகுமார் போட்ட தாப்பா

பானு: தள்ளாதீங்க மேடம்... வெளிய போவணும்னா இஸ்க்கணும்.

கோமளா: இழுத்தும் பாத்துட்டேன். வரல.

பானு: அப்போ இஸ்துகினே தள்ளுங்க.

கோமளா: ஏம்மா, உன் வீட்டு கேட்டு... உனக்கே தொறக்கத் தெரியாதா?

பானு: நேத்து வரிக்கும் தெரிஞ்சிது மேடம். நேத்து தான் எங்க ஊட்டுக்காரு புது ஸ்பிரிங் போட்டாரு... நீங்க வரீங்கன்னு.

கோமளா: நான் வர்றதுக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

பானு: ஊட்லயே கொயந்தைங்கள பாத்துக்கறதுக்கு லைசென்ஸ் குடுக்க ஆபீசர் அம்மா வராங்க, மொதல்ல சேஃப்டி தான் பாப்பாங்கன்னு... யோவ்! செல்வம்! பிஸ்கெட் வாங்க போன ஆளு, கடையிலயே குடும்பம் நடத்திகினு கீறியா?

செல்வம்: வந்துட்டேன், வந்துட்டேன்! வணக்கம் மேடம். கேட்ட தொற பானு.

பானு: நீ தொறயேன்.

செல்வம்: வெளியேர்ந்து எப்டி தொறக்கறது? முடியவே முடியாது. அதானே டிசைனே! நான் வெளிய போனேன், மேடம் உள்ள வந்தாங்க, அது தானா மூடிகிச்சி பாத்தியா? அதான் ஸ்பிரிங்கு.

கோமளா: உள்ளேர்ந்தும் முடியலைங்க.

செல்வம்: முடியும் மேடம். இது எஸ்டேட் டெக்னிக்கு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல பிரஸ் மிஷின் ஓட்றேன். அதுல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன ஒரே டைம்ல அமுக்கினா தான் மிஷின் எறங்கும். கை உள்ள மாட்டிக்கக் கூடாதில்ல? அதே தான் இது. மேல ஒரு குமிழ், கீய ஒரு குமிழ். ரெண்டையும் சேந்தாப்ல இஸ்து, முட்டியால ஒரு ஏத்து...

கோமளா: முட்டியாலயா? நான் புடவை கட்டியிருக்கேன்.

செல்வம்: எஸ்டேட்டுல யாரும் பொடவ கட்டிகினு பிரஸ் ஓட்ட மாட்டாங்க மேடம். அத யோசிக்கல.

கோமளா: பின்பக்கம் கதவு இருக்கா?

பானு: கீது...

செல்வம்: வெல்டு அடிச்சி மூடிட்டேன் மேடம்! பின்னால கெணறு கீது. எதனா கொயந்த அந்தாண்ட போயிடிச்சின்னா? சேஃப்டி!

கோமளா: தீ புடிச்சா எல்லாரும் எப்படிங்க வெளிய போவீங்க?

செல்வம்: தீயே புடிக்காது. கிச்சனுக்கும் இதே மாரி கேட்டு போட்டுகீறேன்.

பானு: அது போட்டதுலேர்ந்து தொறக்கவே இல்ல மேடம். மூணு வேளையும் எங்களுக்கு தள்ளுவண்டி இட்லி தான்.

செல்வம்: அத பெருமையா சொல்லு!

கோமளா: இருங்க... உள் ரூம்ல என்ன சத்தம்?

பானு: பூனை மேடம்.

கோமளா: பூனை தும்முமா?

பானு: சளி புடிச்சிகீது.

கோமளா: இப்ப சிரிக்குதே.

பானு: அது... பக்கத்து ஊட்டு டிவி. சீரியல் ஓடுது.

கோமளா: "அத்த, ஒண்ணுக்கு வருது"ன்னு சொல்றாங்க.

பானு: குடும்பக் கதை மேடம்.

கோமளா: இங்க பாரும்மா. லைசென்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு கொழந்தையக் கூட வெச்சிக்கக் கூடாது. வெச்சிருந்தா அப்ளிகேஷன் அங்கேயே ரத்து. யாரும் இல்லன்னு சொன்ன.

பானு: யாருமே இல்ல மேடம். சத்தியமா... அதாவது, யாரும் இல்ல.

கோமளா: சரி. நான் பாத்ரூம் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள இதத் தொறங்க. எனக்கு வெளிய போயே ஆகணும்.

செல்வம்: ...போய்ட்டாங்களா?

பானு: மெதுவா பேசு.

செல்வம்: கொயந்தைங்கள எங்க வெச்ச?

பானு: பெட்ரூம்ல. கடேசி வரிக்கும் கம்முனு கீறவங்களுக்கு லாலிபாப்புன்னு போட்டி வெச்சிகீறேன்.

செல்வம்: இன்னிக்கி ஒரு நாள் இட்டுகினு வராதீங்கன்னு சொல்றதுக்கின்னா?

பானு: சொல்லாமயா? ஆறு பேரு கிட்டயும் சொன்னேன். ஆறு பேரும் காலாங்காத்தால வந்து, "எம்புள்ள ஒண்ணு தானேக்கா, ஒரு மூலையில கெடக்கட்டும்"னு உள்ள தள்ளிட்டு கம்பெனி பஸ்ஸ புடிச்சிட்டாளுங்க. ஒவ்வொருத்தியும் அவ ஒருத்தி தான்னு நெனச்சிகினா.

செல்வம்: பேஜாரு.

பானு: லைசென்ஸ் வரலன்னா மூடணும்யா. நான் மூடினா அவளுங்க வேலைய உடணும். அந்த சரசா இப்ப தான் பெர்மனன்ட் ஆயிகீறா. எனக்கும் வேற இன்னா தெரியும் சொல்லு? கொயந்தைங்கள பாத்துக்கறது ஒண்ணு தான் நான் சோக்கா பண்ற வேலை. எனக்கு பயமா கீதுயா.

செல்வம்: இன்னாத்துக்கு பயம்? என் தாப்பாவ பாத்து ஆபீசரே அசந்து போய்ட்டாங்க.

பானு: அசந்து தான் கீறாங்க. வெளிய போவ முடியாம.

செல்வம்: ஒரு கொயந்த... ஒரே ஒரு கொயந்த இத தொறக்கட்டும், நான் மீசைய எடுத்துடறேன்.

பானு: ஐயையோ, மீசையா?

செல்வம்: இன்னா முயிக்கிற?

பானு: ஒண்ணுமில்ல. மீசையெல்லாம் எதுக்கு...

கோமளா: தொறந்துதா இல்லியா?

செல்வம்: தோ மேடம்! பானு, மேல குமிழ நீ புடி. கீய குமிழ மேடம் புடிக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா... ஒன்... டூ...

கோமளா: ஐயோ, என் விரல்!

செல்வம்: த்ரீ சொல்லவே இல்லியே மேடம்.

கோமளா: மிஸ்டர் செல்வகுமார், எனக்கு ஆட்டோ வெயிட்டிங்ல இருக்கு. புரியுதா?

செல்வம்: பாத்தேன், தெருமுனையில நிக்கிறாரு. டீ சாப்ட்டு வர சொல்லட்டா? வெயில்ல பாவம்...

கோமளா: வேணாம்! அவர் ஆட்டோவ விட்டு நகரக் கூடாது!

செல்வம்: ஏன் மேடம்?

கோமளா: உள்ள... ஆபீஸ் ஃபைல் இருக்கு.

செல்வம்: அவ்ளோ தானே! எடுத்துகினு வந்து கம்பி சந்துல குடுக்கறேன்.

கோமளா: தொடாதீங்க! அது தூங்... அது முக்கியமான ஃபைல்.

பானு: இன்னா மேடம், இப்டி வேர்த்துகொட்டுது உங்களுக்கு? பேன் போடலாம்னா சுச்சுக்கெல்லாம் பூட்டு போட்டுகீறாரு. சாவி அவரு பாக்கெட்ல.

செல்வம்: சேஃப்டி!

கோமளா: தெருவுல ஏதாவது சத்தம் கேக்குதா? கொஞ்சம் பாருங்களேன்...

செல்வம்: ஆட்டோக்காரரு கைய கைய காட்றாரு. இருங்க, இன்னான்னு கேட்டுகினு வரேன்.

பானு: தண்ணி குடிங்க மேடம். ஏன் தெருவையே எட்டி எட்டி பாக்கறீங்க?

கோமளா: ஒண்ணுமில்லம்மா... ஒண்ணுமில்ல...

செல்வம்: மேடம்... உங்க ஃபைலு முயிச்சிகிச்சி.

கோமளா: ஐயோ!

செல்வம்: அயுவுது. எறங்கி ஓடப் பாக்குது. ஆட்டோக்காரரு ஒரு கால புடிச்சிகினு கீறாரு.

பானு: இன்னாயா ஒளற்ற? ஃபைலு எங்கனா அயுவுமா?

கோமளா: என் பையன்மா! ரெண்டு வயசு... தூங்கிட்டு இருந்தான்னு விட்டுட்டு வந்தேன்... கதவத் தொறங்கம்மா, எப்படியாவது தொறங்க...

செல்வம்: நான் வேணா தூக்கிகினு வரேன்.

கோமளா: வேணாங்க, புது ஆளு தூக்கினா மூச்சடக்கி அழுவான்... உதடெல்லாம் நீலமாயிடும்...

செல்வம்: அப்போ ஓடிப்போயி சண்முகசுந்தரம் பட்டறைலேர்ந்து கட்டிங் மிஷின் எடுத்தாறேன்! ஒரு அர மணி நேரம்...

பானு: அர மணி நேரமா? அந்த கொயந்த கத்தறது இங்க வரிக்கும் கேக்குதுயா... யோவ். நீ என்ன மன்னிச்சிடு.

செல்வம்: நானா? எதுக்கு?

பானு: மேடம், நீங்களும் மன்னிச்சிடுங்க. லைசென்ஸ் குடுக்காட்டி போங்க, பரவால்ல. சிம்ரன்! ஏ சிம்ரன்! வெளிய வாடி தங்கம், போட்டி முடிஞ்சிச்சி!

கோமளா: யாரு சிம்... ஏம்மா, எத்தனை பேரும்மா வராங்க!

பானு: ஆறு மேடம். அந்த சளி புடிச்சவன் தான் பூனை. சிம்ரன், கேட்ட தொறடி.

செல்வம்: ஏய், அதுக்கு மூணு வயசு! அதால எப்டி... இன்னாது, தரையில படுக்குது... அடி ஓட்டையில வெரல உடுது... தாப்பா பின்ன தள்ளுது... ஐய! தொறந்துகிச்சி!

கோமளா: வழி விடுங்க! அபி! அம்மா வந்துட்டேன்டா!

பானு: பாத்து போங்க மேடம், படி கீது!

செல்வம்: பானு... எப்டி பானு?

பானு: பெரியவங்க வெரலு அந்த ஓட்டையில போவாது. அவளுது போவும். நீ மாட்டின அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டா. அதனால தான் பகல் பூரா நான் இந்த கேட்டாண்டயே ஒக்காந்துகினு கீறேன். நீ மனசு ஒடஞ்சி போவேன்னு சொல்லல.

செல்வம்: ஸ்பிரிங்கு மாத்தினேனே...

பானு: அது நமக்கு தான் டைட்டாச்சி. அவளுக்கு இல்ல.

செல்வம்: அப்போ லைசென்ஸ்?

பானு: போச்சி. நம்மளே நம்ம வாயால சொல்லி தொலைச்சிட்டோம். சாயங்காலம் அந்த ஆறு பேரு மூஞ்சில எப்டி முயிப்பேன்னு தெரியல... அயுவ வருதுயா.

செல்வம்: அயுவாத. தோ... திரும்பி வராங்க. இடுப்புல ஃபைலோட.

கோமளா: கேட்ட மூடிடாதீங்க!

பானு: மூடல மேடம், கால குடுத்துகினு கீறேன். ஐயோ, மூக்கெல்லாம் செவந்து போச்சே கண்ணுக்கு... இன்னாடா, அம்மா உட்டுட்டு வந்துட்டாங்களா? அடிச்சிடலாமா அம்மாவ? ...அட, வந்துட்டான் பாரு!

கோமளா: இவன் யார்கிட்டயும் போக மாட்டானே...

பானு: என் கிட்ட எங்க வந்தான்? சிம்ரன் லாலிபாப் காட்றா, அதுக்கு வரான்.

கோமளா: சிரிக்கிறான்...

பானு: மேடம், நான் பொய் சொன்னது தப்பு தான். ஆனா அதுங்க அம்மாங்க மேல எதுவும் எயுதிடாதீங்க.

கோமளா: அந்தத் தாப்பாள இன்னிக்கே கழட்டுங்க. பெரியவங்க கைக்கு எட்ற ஒசரத்துல சாதாரணமா ஒண்ணு போடுங்க. பின் கதவ வெட்டுங்க. கெணத்துக்கு மூடி போடுங்க. வெள்ளிக்கிழம திரும்ப வருவேன். அப்ப ஒரு கொழந்தையும் உள்ள இருக்கக் கூடாது. பூனையும் இருக்கக் கூடாது.

செல்வம்: அப்போ... ரத்து இல்லியா மேடம்?

கோமளா: கதவ வெட்டுங்கன்னு சொன்னேன்ல?

செல்வம்: தோ, இப்பவே மேடம்!

கோமளா: பானு... லைசென்ஸ் வந்ததும் இவனையும் சேத்துக்குவீங்களா?

பானு: இவனையா? மேடம், அண்ணனூர்லேர்ந்து ஆவடி வரிக்கும் லைசென்ஸ் வாங்கின எடம் எவ்ளோ கீது! ஏசி போட்டு, கேமரா வெச்சி, செவுத்துல யானை வரைஞ்சி... அங்கெல்லாம் உடாம, ஏன் மேடம் ஆட்டோல வெச்சிகினு சுத்தறீங்க?

கோமளா: அந்த எடத்துக்கெல்லாம் கையெழுத்து போட்டுக் குடுத்தவளே நான் தான் பானு.